நியூட்டரில் இறங்குகிறவர்கள்

சில மாதங்களுக்கு முன்புவரை எனக்கு ஒரு பழக்கம் இருந்தது. மகள் மலையிலிருந்து இறங்கி வந்து வண்டியை வாசலில் நிறுத்தியதும், அவளிடம் போகமாட்டேன். முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் போய் நின்று மூச்சை இழுத்துப் பார்ப்பேன். கருகிய வாடை வந்தால் அன்றைக்கும் கியரை எடுத்துவிட்டு நியூட்டரில்தான் இறங்கியிருக்கிறாள் என்று அர்த்தம். வாடை இல்லாத நாளில் எனக்கு இரவுச் சோறு இறங்கும். எதிர்வீட்டுக்காரி, "வண்டிக்குத் திருஷ்டி பாக்குறீகளா அக்கா?" என்று கேட்பாள். ஆமாம் என்று சொல்லி வைத்திருந்தேன்.

போடிக்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் வீடு போடியில், ஏலத்தோட்டம் மலைக்கு மேலே, மாநில எல்லையைத் தாண்டி. மலை உச்சியில் இருக்கும் போடிமெட்டு வரைக்கும் வளைவு வளைவாக ஏறிப் போக வேண்டும், அதே வழியில் இறங்கி வர வேண்டும். ஏறும்போது வண்டி குடிக்கிற டீசலை இறங்கும்போது மிச்சம் பிடிப்பது எங்கள் ஊர் ஓட்டுநர்களின் பழைய வித்தை. ஜீப்பு காலத்தில் மெட்டிலேயே எஞ்சினை அணைத்துவிட்டு, அடிவாரத்து முந்தல் வரைக்கும் சும்மா உருட்டிக்கொண்டே வந்துவிடுவார்களாம். கியரில் இறக்குகிறவனைப் பார்த்தால் ஊருக்குப் புதுசா என்று கேட்பார்கள். உருட்டி இறக்கத் தெரிந்தவன்தான் டிரைவர்.

என் வீட்டுக்காரர் அந்த ஜீப்பில் பழகியவர். பின்னால் புதுசாக டீசல் கார் வாங்கியபோது, எஞ்சினை அணைத்தால் ஸ்டியரிங் இறுகிவிடும், பிரேக்கு கல்லாகிவிடும் என்று கம்பெனிக்காரர்கள் சொன்னார்கள். அவர் அதை ஏற்றுக்கொண்டார். எஞ்சினை ஓடவிட்டு, கியரை மட்டும் எடுத்து நியூட்டரில் போட்டு இறக்கினார். "காலத்துக்குத் தக்கன மாறிக்கிடணும்ல" என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார். அவர் மாறியது அவ்வளவுதான்.

மைலேஜ் என்றால் அவருக்கு அப்படி ஒரு பித்து. ஏலக்காய் விலை விழுந்தால்கூட முகம் வாடாது. லிட்டருக்கு ஒரு கிலோமீட்டர் குறைந்துவிட்டால் அன்றைக்கு வீட்டில் யாரும் பேசக்கூடாது. பங்கில் டீசல் போடும்போது குழாயை எடுத்த பிறகும் வண்டியை ஆட்டி ஆட்டி, நுரை அடங்கியதும் இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொல்வார். பின்னால் நிற்கிறவர்கள் ஹாரன் அடித்தால் காது கேட்காது. அடுத்த முறை அதே பங்கில், அதே குழாயில், அதே போல் கழுத்து வரை நிரப்பித்தான் கணக்குப் பார்ப்பார். மீட்டருக்கு நடுவில் இருக்கும் சின்னத் திரையில் மைலேஜை வண்டியே காட்டும். அதை அவர் நம்பவே மாட்டார். கம்பெனிக்காரன் தன் வண்டியைப் பற்றித் தானே நல்லதாகச் சொல்லிக்கொள்வான், அதை நாம் கேட்க வேண்டுமா என்பார். அந்தத் திரையில் ஓடிய தூரத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் மறைத்துவிட்டார்.

புது டீசல் வண்டிக்கு ஒரு தொல்லை உண்டு. புகைக்குழாயில் கரியைப் பிடித்து வைக்கிற வடிகட்டி ஒன்று இருக்கிறது. ஊருக்குள்ளேயே கடைக்கும் வீட்டுக்கும் ஓட்டிக்கொண்டிருந்தால் அது அடைத்துக்கொள்ளும். மஞ்சள் விளக்கு எரியும். நல்ல ரோட்டில் நிற்காமல் கொஞ்ச தூரம் விரட்டினால்தான் உள்ளே இருக்கும் கரி எரிந்து விளக்கு அணையும். விளக்கு எரிந்தால் எங்கள் வீட்டில் திருவிழா. "ஏ, வெரசா கிளம்பு, வண்டிக்கு வயிறு அடச்சிருச்சு" என்பார். சிலமலை தாண்டி தேவாரம் வரைக்கும் போவோம். அங்கே ஒரு கடையில் டீ குடித்துவிட்டுத் திரும்புவோம். கல்யாணமான புதிதில்கூட என்னை இப்படி வெளியே கூட்டிப்போனதில்லை. அந்த வடிகட்டியைக் கண்டுபிடித்த மகராசனுக்கு நான் மனசுக்குள் கும்பிடு போட்டிருக்கிறேன். இவரோ போகவரச் செலவான டீசலை நினைத்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டே ஓட்டுவார்.

அவர் அடிபட்டது ஒரு பிற்பகலில். தோட்டத்து ஸ்டோரில் உலர்த்திய ஏலக்காயை மூட்டைகளாகப் பின்னால் ஏற்றிக்கொண்டு இறங்கியிருக்கிறார். பாதி மலைக்குக் கீழே ஒரு வளைவில் பிரேக்கை மிதித்தால் கால் உள்ளே போய்விட்டது, வண்டி நிற்கவில்லை. பள்ளத்துப் பக்கம் விடாமல் மலைப்பக்கம் திருப்பிப் பாறையில் மோதியிருக்கிறார். தோட்டத்து ஆட்களை ஏற்றிக்கொண்டு பின்னால் இறங்கி வந்த ஜீப்புக்காரர்கள்தான் தூக்கிவந்தார்கள். மதுரை ஆஸ்பத்திரியில் சில நாள் கிடந்து போய்ச் சேர்ந்தார். இடையில் நினைவு வந்த நேரத்தில் அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "பிரேக்கு புடிக்கல."

அதுவே ஊருக்குத் தீர்ப்பாகிவிட்டது. இந்தக் காலத்து வண்டியெல்லாம் தகரம், எல்லாம் கம்ப்யூட்டர், எப்போது காலை வாரும் என்று தெரியாது என்றார்கள். வேறு சிலர் வண்டியை விட்டுவிட்டு வளைவைப் பிடித்துக்கொண்டார்கள். அந்த இடத்தில் எந்த வண்டிக்கும் பிரேக்கு பிடிக்காது, அங்கே ஏதோ நிற்கிறது என்று பேச்சு கிளம்பியது. பாறையில் யாரோ மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தார்கள். ஜீப்புகள் அங்கே ஹாரன் அடித்துவிட்டுப் போகும், சில பேர் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டுப் போவார்கள். என் புருஷன் அடிபட்ட இடத்தில் முன்பின் தெரியாதவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார்கள். கோபம் வந்தது. 

வண்டியைப் பழைய இரும்புக்குப் போடச் சொன்னேன். மகள் கேட்கவில்லை. கோயம்புத்தூரில் பார்த்த வேலையை விட்டுவிட்டுத் தோட்டத்தைப் பார்க்க வந்தவள், "அப்பா கைபட்ட வண்டி, நான்தான் ஓட்டுவேன்" என்று நின்றாள். சோதித்துப் பார்த்த சர்வீஸ்காரர்கள் பிரேக்கில் ஒரு குறையும் இல்லை, நன்றாகப் பிடிக்கிறது என்று எழுதிக் கொடுத்தார்கள். அதைக் கேட்டு ஊர் இன்னும் நடுங்கியது. வண்டியில் குறை இல்லையென்றால் வளைவில்தானே இருக்க வேண்டும். புது முகப்பும் புதுக் கதவும் போட்டுக்கொண்டு வண்டி வீட்டுக்கு வந்தது. வெயிலில் நின்றால் அந்த ஒரு கதவின் வெள்ளை மட்டும் தனியாகத் தெரியும். தெருமுனையில் அதன் சத்தம் கேட்டதும் என் கை தானாக அடுப்பைப் பற்ற வைத்துவிடும். டீத்தூளைப் போட்ட பிறகுதான் யாருக்கு என்று உறைக்கும். நானே குடித்துவிடுவேன். அந்த வருஷம் நான் குடித்த டீ அத்தனையும் அவருக்குப் போட்டது.

ஒரு வருஷம் வரைக்கும் நான் மலைக்குப் போகவில்லை. பிறகு தோட்டத்தில் வேலை செய்கிறவர் வீட்டில் ஒரு கல்யாணம், போகாமல் இருக்க முடியாது. மகளோடு போனேன். ஏறும்போது கண்ணை மூடிக்கொண்டேன். இறங்கும்போது மூடவில்லை. மெட்டைத் தாண்டிச் சரிவு தொடங்கியதும், அவள் இடது கை கியரின் தலையை உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டி வெளியே எடுத்துவிட்டது. அந்த இரண்டு தட்டு அவருடையது. எஞ்சின் முனகிக்கொண்டு அடங்க, வண்டி சும்மா உருள ஆரம்பித்தது.  ஓட்டுவது யார் என்று திரும்பிப் பார்த்தேன். மகள்தான்.

 எங்கேயாவது கண்ணை வைக்க வேண்டுமே என்று மீட்டரைப் பார்த்தேன். நடுத்திரையில் ஒரு பட்டை ஓடிக்கொண்டிருந்தது. இந்த நிமிஷம் வண்டி எவ்வளவு மைலேஜ் கொடுக்கிறது என்பதைக் காட்டுகிற பட்டை. நியூட்டரில் வேகமாக உருளும்போது நீளும், வளைவில் மெதுவாகும்போது சுருங்கும். முன்னால் ஒரு பஸ்சு ஊர்ந்து போனது. அதன் பின்னால் அடங்கிப் போவதற்காக மகள் கியரில் போட்டாள். பட்டை நேரே கடைசி வரைக்கும் போய் முட்டிக்கொண்டு நின்றது. வளைவிலும் அசையவில்லை. பஸ்சைத் தாண்டியதும் மறுபடியும் நியூட்டர். பட்டை மறுபடியும் சுருங்கியது. எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஆனால் நீளமாக இருந்தால் நல்லது, சுருங்கினால் செலவு என்பது புரியாதவள் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் தேனியில் இருக்கும் என் தம்பிக்குப் போன் போட்டேன். அவனுக்கு வண்டிப் பைத்தியம். அப்போதுதான் பெட்ரோலிலும் பேட்டரியிலும் ஓடுகிற ஹைபிரிட் கார் வாங்கி, கேட்கிறவர் கேட்காதவர் எல்லோருக்கும் அதன் பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"ஏன்டா, மலையிலிருந்து கியர்ல இறக்குனா டீசல் கூடப் போகுமா?" என்று சும்மா கேட்பது போலக் கேட்டேன்.

"யாருக்கா சொன்னா? கியர்ல போட்டு, ஆக்சிலேட்டர்ல இருந்து கால எடுத்துட்டா ஒரு சொட்டுப் போகாது. சக்கரமே எஞ்சினச் சுத்திவிடும், கம்ப்யூட்டரு டீசல நிறுத்திரும். நியூட்டர்ல போட்டாத்தான் எஞ்சின் அணையாம இருக்கக் குடிக்கும். பழைய ஜீப்ப அணச்சுப்போட்டு உருட்டுனாங்களே, அந்தப் பழக்கம். இப்ப வர்ற வண்டிக்கு அதுல நட்டந்தான். பாரம் பூரா பிரேக்கு மேலயே வரும், சூடாகி வெந்துச்சுன்னா பிடிக்காது. ஆறுனாத்தான் திரும்பப் பிடிக்கும்..."

பேசிக்கொண்டே போனவன் அங்கே நின்றுவிட்டான்.  "அக்கா" என்றான். நான் போனை வைத்துவிட்டேன்.

ஆறினால் பிடிக்கும். அதனால்தான் சர்வீஸ்காரர்களுக்குக் குறை தெரியவில்லை. வளைவில் ஒன்றும் நிற்கவில்லை. அந்த மனுஷன் ஆயுசு முழுக்க மிச்சம் பிடித்ததாக நினைத்தது மிச்சமே இல்லை. எதைச் சேமித்தார் என்று அப்படிப் பெருமைப்பட்டாரோ, அதை வழி நெடுகச் சிந்திக்கொண்டே வந்து, அதற்காக உயிரையும் கொடுத்திருக்கிறார். திரையை மறைக்காமல் விட்டிருந்தால் ஒரே நாளில் தெரிந்திருக்கும். அவர் படத்துக்கு முன்னால் போய் நின்று அப்படியே திட்டினேன். நல்ல வார்த்தை எதுவும் இல்லை. திட்டி முடித்த பிறகு அழுகை வந்தது. அவர் போன அன்றைக்கு அழுததைவிட அதிகம்.

அதற்குப் பிறகுதான் சக்கரத்தை மோந்து பார்க்கிற பழக்கம் வந்தது. மகளிடம் சொல்லிவிட்டால் தீர்ந்தது என்று நீங்கள் நினைக்கலாம். அவளுக்கு அப்பா என்றால் சாமி. அவளுக்கு ஓட்டச் சொல்லிக் கொடுத்ததும் அவர், நியூட்டரைச் சொல்லிக் கொடுத்ததும் அவர். வண்டி ஏமாற்றிவிட்டது, வளைவு எடுத்துக்கொண்டது என்று நினைத்தால் அதில் ஒரு ஆறுதல் இருக்கிறது. உன் அப்பா ஒன்றுமில்லாத ஒன்றுக்காகச் செத்தார் என்று எந்த வாயால் சொல்வது? சொல்லாவிட்டால் அவளும் அதே மலையில், அதே பழக்கத்தில், அதே பிரேக்கை நம்பி இறங்குவாள். சொல்லவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை. அவள் மலைக்குப் போகிற நாளெல்லாம் மத்தியானத்திலிருந்து எனக்கு வேறு சோலி ஓடாது.

தம்பியும் அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. ஒரு நாள் தன் ஹைபிரிட்டைக் கொண்டுவந்து, "ஏறுக்கா, மெட்டு வரைக்கும் போயிட்டு வருவோம்" என்றான். ஏறும்போது மற்ற பெட்ரோல் வண்டி போலத்தான் இரைந்தது. இறங்கும்போது சத்தமே இல்லை. டயர் உரசுவதும் காட்டுக்குள் வண்டு கத்துவதும்தான் கேட்டது. திரையில் சக்கரத்திலிருந்து பேட்டரிக்குப் பச்சைக் கோடு ஓடிக்கொண்டிருந்தது. மற்ற வண்டியில் பிரேக்கில் சூடாகி வீணாய்ப் போவது இதில் மின்சாரமாகச் சேர்கிறது என்று விளக்கிக்கொண்டே வந்தான். மஞ்சள் பூசிய அந்தப் பாறையை நெருங்கும்போது, யாரும் எதையும் தொடாமல் எஞ்சின் திடீரென்று உறுமியது. முன்னாலிருந்து யாரோ கையை வைத்துத் தடுத்தது போல வண்டி அடங்கியது. நான் வாய்விட்டு அலறிவிட்டேன்.

"பயப்படாதக்கா. பேட்டரி நிறஞ்சிருச்சு. இனி எஞ்சினே வண்டியப் புடிச்சுக்கிட்டு இறங்கும். நாம ஒண்ணும் செய்ய வேணாம்."

பாறையைத் தாண்டி வந்துவிட்டோம்.  அப்போது மனசுக்குள் ஒரு வெளிச்சம் வந்தது. இந்த வண்டிக்கு யாரும் எதுவும் சொல்லித்தர வேண்டாம். மகளுக்கு இதை வாங்கிக் கொடுத்துவிட்டால் நான் அந்தப் பேச்சை எடுக்கவே வேண்டியதில்லை. செத்தவர் பெயரும் கெடாது, இருக்கிறவள் உயிரும் போகாது.

மகள் மசியவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டில் மாமனும் மருமகளும் மோதிக்கொண்டார்கள். நான் குழம்பை ஊற்றிக்கொண்டே கேட்டிருந்தேன்.

"ஏத்தத்துல உங்க பேட்டரி எத்தனை வளைவு தாங்கும் மாமா? அப்புறம் அந்தப் பெட்ரோல் எஞ்சின்தான பேட்டரியையும் சேத்துச் சுமக்கணும்? மூட்டையோட தோட்டத்துப் பாதையில ஏறுமா? டீசலுன்னா மெதுவாப் போறப்பவே இழுவ இருக்கு. மதுரை ரோட்டுலயும் என் வண்டி உங்களுக்குச் சளைக்காது."

"மதுரை ரோட்ட விடு ஆத்தா. தேனி மார்க்கெட்டுக்குள்ள ஊர்ந்து பாரு. எனக்குப் பாதி தூரம் எஞ்சினே ஓடாது. உனக்கு அங்கனதான் வடிகட்டி அடைக்கும். சோலிய விட்டுட்டுத் தேவாரம் வரைக்கும் சும்மா ஓட்டிட்டு வர்றதுக்கும் மைலேஜ்ல கணக்கு உண்டா? எனக்குக் கிளச்சு கிடையாது, டர்போ கிடையாது. கெட்டுப்போறதுக்கே சாமான் கம்மி."

"எலி வயரக் கடிச்சிருச்சுன்னா? கரண்டு பாயுற அந்த ஆரஞ்சு வயரப் போடியில யாரு தொடுவா? மதுரைக்குக் கட்டி இழுத்துட்டுப் போகணும். என் வண்டிய இந்தத் தெருமுனையிலயே பாத்துக்கிடலாம்."

இரண்டு பேர் சொன்னதும் சரிதான். ஊருக்குள்ளேயே சுற்றுகிறவனுக்கு ஹைபிரிட், பாரத்தோடு தூரம் போகிறவளுக்கு டீசல். அதைச் சொல்ல எனக்கே தெரியும். நான் அதற்காகவா அவனை வரவழைத்தேன்? கடைசியில் தம்பி பொறுக்காமல், "இறக்கத்துலயாவது இது தானா புடிச்சுக்கிடும் ஆத்தா" என்று சொல்லிவிட்டான். மகள் சோற்றிலிருந்து கையை எடுத்தாள். "என் வண்டிய நான் புடிச்சுக்கிடுவேன் மாமா" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனாள். ஹைபிரிட் பேச்சு அன்றோடு முடிந்தது.

அதற்கடுத்த வாரம் காய் இறக்க மகள் கிளம்பியபோது நானும் வருவேன் என்று முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். இறங்கும்போது ரோட்டை மறைத்து லேசாக மஞ்சு இருந்தது. பின்னால் மூட்டைகள். மெட்டைத் தாண்டியதும் அவள் கை கியரைத் தட்டி எடுத்தது.

"கியர்ல போடு ஆத்தா" என்றேன்.

"எதுக்கும்மா?"

எதுக்கு என்று சொன்னேன். பட்டையைக் காட்டிச் சொன்னேன். மாமா சொன்னதைச் சொன்னேன். பிரேக்கு வெந்தால் பிடிக்காது, ஆறினால் பிடிக்கும் என்பதைச் சொன்னேன். அப்பாவுக்கு அதுதான் நடந்தது, அதில் மிச்சம் ஒன்றும் இல்லை என்பதையும் சொன்னேன். அவள் கலங்குவாள், வண்டியை ஓரத்தில் நிறுத்துவாள் என்று நினைத்தேன். அவள் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"தெரியும்மா" என்றாள்.

"என்ன தெரியும்?"

"எல்லாந் தெரியும். வண்டி திரும்பி வந்த அன்னைக்கே தெரியும். அந்தப் பட்டையத் திரையில வரவச்சதே நான்தான. அப்பா மறச்சு வச்சிருந்தாரு."

"தெரிஞ்சுமாடி போடுற?"

 வண்டி உருண்டுகொண்டிருந்தது. ஒரு வளைவு போயிற்று.

"அப்பா ஓட்டும்போது நீ பின்சீட்டுல தூங்கிருவ. நான் இங்கன முன்னால உக்காந்திருப்பேன். நியூட்டர்ல போட்டு எஞ்சின் அடங்குனதும் அப்பா ஒரு மூச்சு விடுவாரு. நெஞ்சுல இருந்து நிம்மதியா. ஒருநாளும் விடாம இருந்ததில்ல. நான் போட்டாலும் கேக்குதும்மா. சத்தம் அடங்குன உடனே, காதுக்குப் பக்கத்துல. வேற எங்கயும் கேக்கல. வீட்டுல கேக்கல, தோட்டத்துல கேக்கல. இங்க மட்டுந்தான்."

எனக்கு முதலில் வந்தது பயம் இல்லை, பொறாமை. அவர் படுத்த கட்டிலில் எத்தனை ராத்திரி காதைத் தீட்டிக்கொண்டு கிடந்திருக்கிறேன். எனக்கு ஒரு தடவைகூடக் கேட்கவில்லையே. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கியரில் போடு என்று சொல்ல வேண்டிய அந்த நேரத்தில் நானும் காதைக் கொடுத்தேன். காற்று, டயர், மூட்டை உரசுகிற சத்தம். அதற்கெல்லாம் அடியில் ஒரு மூச்சு. அவருடையதுதான். முப்பது வருஷம் பக்கத்தில் படுத்தவளுக்குத் தெரியாதா? மனப்பிரமை என்று யாராவது சொன்னால் சொல்லிக்கொள்ளட்டும். இன்னொரு தடவை கேட்க வேண்டும் போல இருந்தது. கீழே போகாமல் இப்படியே உருண்டுகொண்டே இருந்தால் என்ன என்றுகூட ஒரு நினைப்பு வந்தது. அந்த நினைப்பு வந்ததும்தான் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இத்தனை மாதமாக இவள் எதன் பின்னால் இறங்கிக்கொண்டிருக்கிறாள் என்று அப்போதுதான் புரிந்தது.

மஞ்சுக்குள் அந்த வளைவு தெரிந்தது. மகள் பிரேக்கை அழுத்தினாள், வண்டி அடங்காமல் இன்னும் கொஞ்சம் கூடவே அழுத்தினாள்.

"போதும்டி" என்றேன். "அவரு போயிட்டாரு. நான் இருக்கேன். என்னையக் கீழ கொண்டுபோய்ச் சேரு."

அவள் கை கியர் மேலேயே இருந்தது, அசையவில்லை. அதன் மேல் என் கையை வைத்தேன். எனக்கு எந்தக் கியர் எங்கே இருக்கிறது என்று தெரியாது. "செகண்டு எங்கடி இருக்கு, காட்டு" என்று கத்தினேன். கத்தினது எனக்கே கேட்டது. அவள் கிளச்சை மிதித்தாள். என் கைக்குக் கீழே அவள் கை நகர்ந்து கியரைக் கீழே இழுத்தது.

எஞ்சின் அலறியது. வண்டி முன்னால் குலுங்கி, பிடித்துக்கொண்டது. அந்த அலறலில் காற்றும் கேட்கவில்லை, டயரும் கேட்கவில்லை, வேறெதுவும் கேட்கவில்லை. முந்தல் வருகிற வரைக்கும் மகள் அழுதுகொண்டேதான் ஓட்டினாள். கியரை மட்டும் எடுக்கவில்லை.